கடி வாங்கியவன் ஏன் மறைக்கிறான்

ஜாம்பி படம் எதை எடுத்துக்கொண்டாலும் அதில் ஒரு ஆள் தவறாமல் இருப்பான். வெளியே போய்விட்டு வரும்போது கையிலோ காலிலோ கடி வாங்கியிருப்பான். சட்டைக் கையை இழுத்துவிட்டு மறைத்துக்கொண்டு, மற்றவர்களோடு மதிலுக்குள் வந்து படுத்துக்கொள்வான், நள்ளிரவில் எழுந்து பக்கத்தில் படுத்திருப்பவரைக் கடிப்பான். மகனோடு உட்கார்ந்து பார்க்கும்போதெல்லாம் "சொல்லித் தொலைய வேண்டியதுதானே, லூசு" என்று திட்டுவேன். கொரோனா வந்த வருடம், 2020 ஜூனுக்குப் பிறகு திட்டுவதில்லை. ஏன் மறைக்கிறான் என்று தெரிந்துவிட்டது. எங்கள் மதிலுக்குள் ஒருவரை அப்படி மறைக்க வைத்ததில் எனக்கும் பங்கு உண்டு.

பள்ளிக்கரணைப் பக்கம் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பு எங்களுடையது. 6 பிளாக், 144 வீடு, சுற்றிலும் எட்டடி மதில், அதன்மேல் முள்கம்பிச் சுருள், முன்னால் ஒரு பெரிய கேட், பின்னால் குப்பை வண்டிக்கு ஒரு சின்ன கேட். வீடு விற்றபோது பில்டர் விளம்பரத்தில் நீச்சல் குளத்துக்கும் முன்னால் அந்த மதிலைத்தான் போட்டிருந்தார். 2020 பிப்ரவரி பொதுக்குழுவில் செக்ரட்டரி பதவிக்கு யாரும் கை தூக்கவில்லை. கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போனால் போதும் என்று நான் தூக்கிவிட்டேன். "ஒண்ணும் இல்லைங்க, லிஃப்ட் ஏஎம்சி, பார்க்கிங் சண்டை, நாய் வளர்க்கிறவங்க பஞ்சாயத்து, அவ்வளவுதான்" என்றார் பழைய செக்ரட்டரி.

மார்ச் 22 ஞாயிறு மாலை பால்கனியில் நின்று தட்டு தட்டினோம். 24ஆம் தேதி மாலை 6 மணிக்குத் தமிழ்நாடு முழுக்க 144 தடை உத்தரவு. இரவு 8 மணிக்குப் பிரதமர் பேசினார், நள்ளிரவிலிருந்து 21 நாள் எதுவும் கிடையாது. பேச்சு முடிவதற்குள் எங்கள் வாட்ஸ்ஆப் குரூப்பில் தொண்ணூறு மெசேஜ், பாதிக்கு மேல் ஒரே வரி: "கேட்டை மூடுங்க." மூடினோம். பூட்டுப் போட்டு, சாவியை நான் வீட்டுக்கு எடுத்து வந்தேன். உண்மையைச் சொன்னால் அன்று இரவு கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. நாம் உள்ளே, மற்றதெல்லாம் வெளியே.

மறுநாள் காலை பால் வரவில்லை. பால்காரர் வந்திருக்கிறார், பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார்.

அன்று உட்கார்ந்து உள்ளே எத்தனை பேர் என்று கணக்கெடுத்தோம், 431 வந்தது. இதைக் கேட்டுக்கொண்டிருந்த என் மகன் உள்ளே போய் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து வந்தான். முந்தைய வருடக் கோடை விடுமுறையில் டி பிளாக் பையன்கள் நாலு பேர் சேர்ந்து போட்ட "ஜாம்பி வந்தால் என்ன செய்வது" திட்டம். முதல் பக்கத்தில் முதல் வரி: "செக்யூரிட்டி தாத்தா உள்ளே இருக்கணும். எல்லா சாவியும் எது எதுக்குன்னு அவருக்குத்தான் தெரியும்." இரண்டாவது வரி: "மோட்டார் அண்ணனும்." அதற்கப்புறம்தான் மொட்டை மாடி, டார்ச், கிரிக்கெட் மட்டை எல்லாம். எங்கள் 431இல் செக்யூரிட்டியும் இல்லை, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தை ஓட்டும் பையனும் இல்லை. வீட்டு எண்ணை வைத்து எண்ணினோம், அவர்களுக்கு வீட்டு எண் கிடையாதே.

இனி நாங்கள் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். பெரும்பாலும் தப்பு செய்துதான் கற்றோம்.

முதலில் தண்ணீர். பள்ளிக்கரணை, ஓஎம்ஆர் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், லாரிதான் எங்கள் ஆறு. 2019 கோடையில் நகரத்துக்கே தண்ணீர் தரும் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த கதையைப் பார்த்தவர்கள் நாங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது அரசுக் கணக்கு. 431 பேருக்கு 58 ஆயிரம் லிட்டர் சொச்சம், 12 ஆயிரம் லிட்டர் லாரி ஐந்து. எல்லாரும் வீட்டிலேயே இருந்து, நாளைக்கு இருபது தடவை கை கழுவி, வாங்கி வந்த முருங்கைக்காயைக்கூட சோப்புப் போட்டுக் கழுவ ஆரம்பித்ததும் அது ஏழாகிவிட்டது. இந்த லட்சணத்தில் நாங்கள் போட்ட முதல் விதி, லாரி டிரைவர் வண்டியை விட்டு இறங்கக் கூடாது. இறங்காமல் எப்படி ஹோஸை மாட்டுவது? அவர் இறங்கினார், மேலே பால்கனியிலிருந்து யாரோ கத்தினார்கள், அவர் ஹோஸைச் சுருட்டி வைத்துவிட்டு முக்கால் லாரித் தண்ணீரோடு போய்விட்டார். மறுநாள் வரவே இல்லை. போன் செய்தால், "அந்தப் பக்கத்து காலனில டீ குடுத்து உக்கார வெக்கிறாங்கம்மா, உங்க வாசல்ல நாயைத் துரத்துற மாதிரி துரத்துறீங்க" என்றார். நான் கேட்டுக்கு வெளியே நின்று மன்னிப்புக் கேட்டேன். அன்றே சம்ப் பக்கத்தில் ஒரு குழாய், சோப்பு, ஒரு பிளாஸ்க் டீ, காகித டம்ளர், நிழலில் ஒரு நாற்காலி வைத்தோம். அதற்கப்புறம் ஒரு நாள்கூட லாரி தவறியதில்லை.

உங்கள் குடியிருப்பிலும் ஒரு தாளை எடுத்து, தினமும் கேட்டுக்குள் வராவிட்டால் மூன்றாம் நாள் நாறிப்போகிற விஷயங்கள் என்னென்ன என்று எழுதிப் பாருங்கள். தண்ணீர் லாரி, பால், குப்பை வண்டி, ஜெனரேட்டருக்கு டீசல், லிஃப்ட் மெக்கானிக், சிலிண்டர் போடுபவர், இன்சுலின் கொண்டுவரும் மருந்துக்கடைப் பையன். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு ஆளின் பெயரும் போன் நம்பரும் இருக்க வேண்டும், கம்பெனி நம்பர் போதாது. கேட்டை எப்படி மூடுவது என்று யோசிப்பதற்கு முன்னால் இவர்களுக்கு எப்படித் திறப்பது என்று முடிவு செய்துவிடுங்கள்.

அடுத்தது செக்யூரிட்டி. இரண்டு ஷிப்டுக்கு எட்டுப் பேர். 25ஆம் தேதி பஸ் கிடையாது, வந்தது நாலு பேர். அதில் வந்தவாசிப் பக்கத்துப் பெரியவர் வரவில்லை, போகவே இல்லை, முந்தின நாளிலிருந்து கேட்டிலேயே இருந்தார். கூண்டுக்குள் ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டுத் தூங்கினார், கால் கூண்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நாலு பேரையும் கிளப் ஹவுஸில் தங்க வைக்கலாம் என்று குரூப்பில் போட்டதற்கு இரண்டு நாள் சண்டை. நம் பிள்ளைகள் விளையாடும் இடம், ஏசி பில் யார் கட்டுவது, நாளைக்கு இதுவே பழக்கமாகிவிடும். பி பிளாக் டாக்டரம்மாதான் முடித்து வைத்தார். "எட்டுப் பேர் படுக்கிற ஒரு ரூம்ல தங்கிட்டு தினம் சைக்கிள்ல வந்து உங்க கேட்டைத் தொடணுமா, இல்ல இங்கயே தூங்கணுமா, நீங்களே சொல்லுங்க." ஒருவரும் பதில் போடவில்லை. எங்கள் குரூப்பில் அப்படி ஒரு அமைதி அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

சாப்பாட்டுக்கு வீடுகள் முறை போட்டுக்கொண்டோம். முதல் வாரம் வடை பாயசம், மூன்றாம் வாரம் நேற்றைய குழம்பு. ஒருநாள் பெரியவர் தயங்கித் தயங்கி, "மேடம், நாலு வீட்டு சாம்பார் நாலு நேரத்துல வருது, வயிறு கேக்க மாட்டேங்குது. கோச்சுக்காதீங்க, அரிசியும் பருப்பும் குடுத்துட்டா நாங்களே பொங்கிக்குவோம்" என்றார். ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு, குக்கர், மாதத்துக்கு இவ்வளவு அரிசி, பருப்பு, எண்ணெய், மிளகாய்த்தூள் என்று கொடுத்தோம். இதை முதல் நாளே கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. தானம் கொடுக்கிற சுகத்தில் இருந்தோம்.

மோட்டார் அண்ணன் ஒடிசாக்காரர். ஜெனரேட்டருக்குப் பின்னால், சுத்திகரிப்புத் தொட்டிகளுக்கு மேலே இருக்கும் பத்துக்கு எட்டு அறையில் இரண்டு வருடமாக இருந்திருக்கிறார், எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. அந்தத் தொட்டிக்குள் காற்று ஊதிக்கொண்டே இருக்க வேண்டும், ஊதுவது நின்றால் கழிவைத் தின்னும் பாக்டீரியா சாக ஆரம்பிக்கும், அப்புறம் ஆறு பிளாக்கும் மூக்கைப் பிடித்துக்கொண்டு திரிய வேண்டியதுதான். மே மாதம் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு ரயில் விட்டபோது அவர் ஊருக்குப் போக வேண்டும் என்றார், இரண்டு வயதுக் குழந்தை முகம் பார்க்க வேண்டும் என்றார். போகாதே என்று சொல்ல எங்களுக்கு என்ன உரிமை? போவதற்கு முன்னால் பத்து நாள் ஏ பிளாக்கில் ரிட்டயர்டு என்ஜினீயர் மாமா இருவருக்குச் சொல்லிக்கொடுத்தார். எந்த வால்வு, எந்த நேரம், நுரை என்ன நிறத்தில் இருந்தால் கவலைப்பட வேண்டும். மாமாக்கள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நோட்டில் படம் போட்டு எழுதிக்கொண்டார்கள். ரிட்டயர் ஆனதிலிருந்து அவர்களை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை. அந்த நோட்டு இன்னும் அலுவலக அலமாரியில் இருக்கிறது. ஒரு வேலை ஒரே ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தால் அன்றைக்கே இன்னொருவரை அவர் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

சரி, இப்போது அசட்டுத்தனம். ஏப்ரல் தொடக்கத்தில் திருப்பூரில் ஒரு சந்தை வாசலில் கிருமிநாசினிச் சுரங்கம் வைத்த வீடியோ எல்லாக் குரூப்பிலும் சுற்றியது, நினைவிருக்கும். எங்களுக்கும் அந்தப் பைத்தியம் பிடித்தது. பிவிசி பைப், தார்பாய், ஸ்பிரே நாசில், ஒரு சின்ன மோட்டார், கூலி எல்லாம் சேர்த்து 38 ஆயிரம் ரூபாய். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரை உள்ளே வருபவர்கள் மேல் தெளிப்போம். முதலில் அதைக் கடந்தவர் வந்தவாசிப் பெரியவர், சோதனைக்கு அவரைத்தான் அனுப்பினோம், வேறு யாரை அனுப்புவோம். அன்று சாயங்காலம் அவர் கண் மிளகாய்ப்பழம் மாதிரி ஆகிவிட்டது. அந்த மாதமே மத்திய சுகாதார அமைச்சகம் மனிதர்கள்மேல் கிருமிநாசினி தெளிக்கக் கூடாது, கண்ணுக்கும் தோலுக்கும் மூச்சுக்கும் கெடுதல், வைரஸுக்கும் அதனால் ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிட்டது. தரை, கைப்பிடி துடைக்க மட்டும் போதும்: லிட்டருக்கு 30 கிராம் பிளீச்சிங் பவுடர், நன்றாகக் கரைத்துத் தெளிய வைத்தது. அதை ஆசிடோடோ கழிவறைக் கிளீனரோடோ கலந்துவிடாதீர்கள், குளோரின் புகை வரும். எங்கள் வீட்டில் ஒருமுறை வந்தது. சுரங்கத்தின் பைப்பில் பிறகு பெரியவர் பாகற்கொடி ஏற்றிவிட்டார், நல்ல காய்ப்பு.

வெப்பமானித் துப்பாக்கியும் அப்படித்தான். காலையில் ஏசி காரில் இறங்குபவருக்கு 33 டிகிரி, வெயிலில் நடந்து வந்த பால்காரருக்கு 38. ஒருநாள் என் மகன் நெற்றியில் 32 காட்டியது. "அம்மா, இந்தக் கணக்குப்படி நாமதான் ஜாம்பி" என்றான்.

வீட்டு வேலைக்கு வரும் பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் குடியிருப்புக்கு வருபவர்களில் நிறையப் பேர் பெரும்பாக்கம் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் இருப்பவர்கள், நகரத்துக்குள் ஆற்றங்கரையில் இருந்த வீடுகளை எடுத்துவிட்டு அங்கே கொண்டுபோய்க் குடிவைக்கப்பட்டவர்கள். எங்கள் வீட்டுக்கு வருபவரிடம் ஏப்ரலில் போனில், வெளியே போகாதே, பத்திரமாக உள்ளேயே இரு என்று நீட்டி முழக்கிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அக்கா, தண்ணி பிடிக்கவே நான் கீழ இறங்கணும். நீங்க கேட்டை மூடுறீங்க, நாங்க எதை மூடுறது?" என்றார். நான் சம்பளத்தை அனுப்பி வைத்ததாகச் சொல்லிவிட்டு போனை வைத்தேன். பாதி வீடுகள் அதையும் அனுப்பவில்லை. வேலை செய்யாத மாதத்துக்கு எதற்குச் சம்பளம் என்று குரூப்பில் ஒரு பெரிய விவாதம், விவாதித்தவர்களில் பலர் ஐடி கம்பெனியில் வீட்டிலிருந்து முழுச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவர்கள். செப்டம்பரில் திரும்ப ஆள் கிடைக்காமல் அலைந்ததும் அதே வீடுகள்தான்.

இதைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது: 1665இல் இங்கிலாந்தில் ஈம் என்று ஒரு சின்னக் கிராமம், லண்டனிலிருந்து வந்த துணியோடு பிளேக் வந்து சேர்ந்தது. ஊர்க்காரர்கள் பாதிரியாரின் பேச்சைக் கேட்டுத் தங்களைத் தாங்களே எல்லைக்குள் அடைத்துக்கொண்டார்கள். எல்லைக் கல்லில் குழி வெட்டி, அதில் வினிகர் ஊற்றி, காசைப் போட்டு வைப்பார்களாம், பக்கத்து ஊர்க்காரர்கள் காசை எடுத்துக்கொண்டு சாப்பாட்டை வைத்துவிட்டுப் போவார்கள். பால்காரருக்கு நாங்களும் ஒரு டப்பாவில் சானிடைசர் தெளித்த நோட்டுத்தான் வைத்தோம். ஆனால் அவர்கள் போட்டது தங்களிடமிருந்து பக்கத்து ஊரைக் காப்பாற்றும் எல்லை. அப்படி ஒரு யோசனை எங்கள் 144 வீட்டில் ஒருவருக்கும் வரவில்லை, எனக்கும்தான்.

அதனால்தான் தொற்று உள்ளேயே வந்தபோது எங்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

மே 5ஆம் தேதி கோயம்பேடு சந்தையை மூடி, திருமழிசைக்கு மாற்றினார்கள். அதற்குள் சென்னை முழுக்கப் பரவியிருந்தது. மே நடுவில் நான் ஒரு விதிமுறைத் தாள் அடித்து எல்லா லிஃப்டிலும் ஒட்டினேன். தொற்று வந்த வீட்டின் எண் குரூப்பில் அறிவிக்கப்படும். அந்த பிளாக் லிஃப்ட் 14 நாள் நிறுத்தப்படும். அனுமதியின்றி வெளியே போனால் 5,000 ரூபாய் அபராதம். கீழே என் கையெழுத்து. பாராட்டு மழை, கட்டை விரல்களாகக் குவிந்தன.

சி பிளாக் நாலாவது மாடியில் ஒருவர் வங்கியில் வேலை பார்த்தார். வங்கி அத்தியாவசியம், தினமும் போயாக வேண்டும். ஏப்ரலிலேயே அவரைப் படியில் ஏறச் சொல்லிவிட்டார்கள். அவர் பெண் கீழே சைக்கிள் ஓட்ட வந்தால் மற்றப் பிள்ளைகளை மேலே கூப்பிட்டுக்கொள்வார்கள். நான் பார்த்தேன், ஒன்றும் சொல்லவில்லை. ஜூன் 8ஆம் தேதி அவருக்குக் காய்ச்சல். எங்கள் வாசல் மருந்துக்கடையில் வாங்கினால் தெரிந்துவிடும் என்று மேடவாக்கம் வரை போய் பாரசிட்டமால் வாங்கியிருக்கிறார். காய்ச்சல் முகாம் நடந்தது, போகவில்லை. வீட்டுக்கு வீடு வந்து விசாரிக்கும் களப்பணியாளரிடம் மனைவி யாருக்கும் ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். இருமல் வெளியே கேட்காமல் இருக்க டிவியைச் சத்தமாக வைத்திருக்கிறார்கள். சத்தம் அதிகம் என்று கீழ் வீட்டுக்காரர் என்னிடம் புகார் செய்தார், நானும் குரூப்பில் பொதுவாக ஒரு அறிவுரை போட்டேன்.

13ஆம் தேதி இரவு 2.40க்கு எனக்கு போன். சத்தமே இல்லை, மூச்சு மட்டும். அப்புறம் அவர் மனைவி, "மேடம், குரூப்ல போட்டுடாதீங்க" என்றார். அதுதான் முதல் வாக்கியம். ஆம்புலன்ஸ் கூப்பிடுங்கள் என்றோ, அவருக்கு மூச்சு வாங்குகிறது என்றோ சொல்லவில்லை. அதற்கப்புறம்தான் அழுதார்.

டாக்டரம்மா நைட்டிமேல் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு நாலு மாடி ஏறினார். ஆக்சிஜன் அளவு 86. 94க்குக் கீழே போனாலே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 108 வருவதற்குள் அவரைக் குப்புறப் படுக்க வைத்தார். ஸ்ட்ரெச்சர் இறங்கும்போது எல்லா பிளாக்கிலும் விளக்கு எரிந்தது, பால்கனிகளில் ஆட்கள், எல்லார் கையிலும் போன். மறுநாள் காலை ஆறு மணிக்குள் வீட்டு எண், பெயர், போட்டோ எல்லாம் குரூப்பில். நான் போட வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

16 நாள் கழித்து அவர் திரும்பி வந்தார். அவர் மாமனாருக்கு 78 வயது, அதே வீட்டில் இருந்தவர், அவர் திரும்பி வரவில்லை. ஐந்து நாள் முன்னால் தெரிந்திருந்தால் மாமனாரை வேறு வீட்டில் தனியாக வைத்திருக்கலாம், இரண்டு வீடு காலியாகவே கிடந்தது. சொல்லியிருக்கலாமே என்று குரூப்பில் நிறையப் பேர் எழுதினார்கள். லிஃப்டில் ஒட்டியிருந்த தாளை நான் போய்க் கிழித்தேன்.

ஜூன் 19இலிருந்து மாத முடிவு வரை சென்னையிலும் சுற்று மாவட்டங்களிலும் மறுபடி முழு ஊரடங்கு. அந்த நாட்களில் டாக்டரம்மா, என்ஜினீயர் மாமா, நான் மூன்று பேரும் புதுத் தாள் ஒன்று எழுதினோம். இந்த முறை நோயாளி என்ன செய்ய வேண்டும் என்று எழுதவில்லை, நாங்கள் என்ன செய்வோம் என்று எழுதினோம். காய்ச்சல் வந்தால் எங்கள் மூவரில் ஒருவருக்கு மட்டும் சொன்னால் போதும், பெயரோ வீட்டு எண்ணோ எங்கள் வாயிலிருந்து வராது. லிஃப்ட் நிற்காது. வாசலில் ஒரு ஸ்டூல் வைப்போம், அதில் மூன்று வேளைச் சாப்பாடு, பால், மருந்து வந்துவிடும், எந்த இரண்டு வீடு சமைக்கும் என்பதுகூட முன்கூட்டியே முடிவானது. பல்ஸ் ஆக்சிமீட்டர் சங்கக் காசில் ஆறு வாங்கி வைத்தோம், காலையும் மாலையும் எண்ணைப் போனில் சொன்னால் போதும், நோட்டில் ஏற்றிக்கொள்வோம். குப்பையை இரட்டைப் பையில் கட்டி வாசலில் வைத்தால் தனியாக எடுக்கப்படும். வயதானவர்களுக்குக் காலி வீடு இரண்டு தயார். அபராதம் எதுவும் கிடையாது. வீட்டு எண்ணைக் குரூப்பில் போடுபவரை மட்டும் குரூப்பிலிருந்து எடுத்துவிடுவோம். ஒருவரை எடுக்கவும் செய்தோம், என் சொந்த பிளாக்காரர், இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

எல்லாருக்கும் எப்படியும் தெரிந்துதான் போனது, ஸ்டூலைப் பார்த்தால் தெரியாதா. அது பரவாயில்லை. ஸ்டூல் போட்ட வீட்டுக்கு என்ன நடக்கிறது என்பதையும் எல்லாரும் பார்த்தார்கள், அதுதான் வேலை செய்தது. ஜூன் 27 காலை ஏழு மணிக்கு எஃப் பிளாக்கிலிருந்து போன், "ராத்திரியிலேர்ந்து லேசா உடம்பு கணகணன்னு இருக்கு, ஸ்டூல் போட்டுடுங்க." ஆகஸ்ட் முடிவதற்குள் 19 வீட்டில் ஸ்டூல். பெரும்பாலானவர்கள் காய்ச்சல் வந்த அன்றே சொன்னார்கள். அந்தச் சுற்றில் வேறு உயிர் போகவில்லை. இதில் எங்கள் சாமர்த்தியம் எவ்வளவு, அதிர்ஷ்டம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல மாட்டேன். 2021 மே மாதம் இதே ஏற்பாடு இருந்தும் படுக்கை கிடைக்காமல் இரண்டு பேரை இழந்தோம்.

மாநகராட்சி 2020 ஜூலையில் சென்னையில் 12,405 பேரின் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்ததில் 21.5 சதவீதம் பேருக்கு ஏற்கெனவே தொற்று வந்து போயிருந்தது. ஐந்தில் ஒருவர். நாங்கள் கேட்டில் நின்று துப்பாக்கியால் நெற்றி நெற்றியாக வெப்பம் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது.

வங்கிக்காரர் இன்னும் சி பிளாக்கில்தான் இருக்கிறார். மெயின்டனன்ஸ் பணம் மாதம் ஒன்றாம் தேதி காலையிலேயே வந்துவிடும், பொதுக்குழுவுக்கு வருவதில்லை. ஒருநாள் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன், காபி கொடுத்தார்கள், வேறு ஏதேதோ பேசினார்கள். போன மாதம் அவரும் நானும் சி பிளாக் லிஃப்டில் மேலே போய்க்கொண்டிருந்தோம், பக்கத்தில் ஒரு சின்னப் பையன். அவருக்குத் தொண்டையில் ஏதோ கமறி ஒருமுறை இருமினார். உடனே கை நீட்டி இரண்டாவது மாடிப் பொத்தானை அழுத்தினார், கதவு திறந்ததும் "நீங்க போங்க" என்று சொல்லிவிட்டு இறங்கி, மீதி மாடிகளைப் படியில் ஏறப் போய்விட்டார்.